அழைப்பு வந்த பிறகு படிவம் நிரப்ப நேரம் ஏது?

கேள்வி இதுதான்: விபத்தில் அடிபட்டவரை ஏற்றிவர ஹெலிகாப்டரை அழைக்கிறார்கள். ஒவ்வொரு நிமிடமும் உயிர் சம்பந்தப்பட்டது. அந்த நேரத்தில் விமானி உட்கார்ந்து எடைக் கணக்கு, வானிலை அறிக்கை, ஆபத்து மதிப்பீட்டுத் தாள் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருப்பாரா? அல்லது எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிவிடுவாரா?

இரண்டும் இல்லை. சட்டப்படி செய்ய வேண்டிய முன்தயாரிப்பில் எதையும் விட்டுவிட முடியாது; அவசர மருத்துவப் பறப்பு என்பதற்காகச் சலுகை கிடையாது. சொல்லப்போனால், சாதாரண வாடகை ஹெலிகாப்டருக்கு இல்லாத கூடுதல் தாள்கள் இதற்கு உண்டு. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி தொலைபேசி ஒலிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே முடிந்திருக்கும். அழைப்பு வந்த பிறகு மிஞ்சுவது எழுத்து வேலை அல்ல, போகலாமா வேண்டாமா என்ற ஒரு முடிவு. அந்த முடிவுக்கு ஆகும் ஐந்தாறு நிமிடங்களைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'படிவத்தில் போகும் நேரம்' என்று நினைக்கிறார்கள்.

பணி தொடங்கும்போது நடப்பதை முதலில் சொல்கிறேன். இந்தத் துறையின் வேகம் முழுவதும் அங்கேதான் உருவாகிறது.

பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரப் பணி. வரும் விமானி, இறங்கிப்போகும் விமானியிடம் ஹெலிகாப்டரின் நிலையைக் கேட்டுக்கொள்வார். பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்து, அடுத்த ஆய்வுக்கு இன்னும் எத்தனை பறப்பு மணி மிச்சம், தள்ளிவைக்கப்பட்ட குறைபாடு ஏதும் உண்டா என்று பார்ப்பார். பிறகு டார்ச் விளக்கோடு இயந்திரத்தைச் சுற்றிவந்து சோதிப்பார்: சுழலித் தலை, வால் சுழலி, எண்ணெய் அளவுகள், மூடிகள், கதவுத் தாழ்கள், எரிபொருள். எரிபொருளைக் கண்ணால் பார்த்து, எரிபொருள் மானியோடு ஒப்பிட வேண்டும். முந்தைய விமானி சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்வது சோதனை ஆகாது.

எடைக் கணக்கும் அப்போதே முடிந்துவிடும். ஹெலிகாப்டரின் வெற்று எடை தெரியும். பொருத்தப்பட்ட மருத்துவக் கருவிகளின் எடை தெரியும். அன்று பணியில் இருக்கும் செவிலியர், பாராமெடிக் (அவசர முதலுதவி வல்லுநர்) ஆகியோரின் எடையும், உடுப்பு, தலைக்கவசம் உட்பட, பலகையில் எழுதியிருக்கும். இவற்றோடு தளத்தின் வழக்கமான எரிபொருள் அளவைச் சேர்த்தால் மிச்சம் வருவது ஒரே ஓர் எண்: நோயாளி எத்தனை கிலோ வரை இருக்கலாம். அன்றைய வெப்பநிலைக்கு எஞ்சின் தரும் சக்தியைக் கையேட்டின் வரைபடத்தில் பார்த்து அந்த எண்ணைச் சரிசெய்துகொள்வார். காலையில் தூக்க முடிந்த எடையைக் கடும் வெயிலில், உயரமான இடத்தில் தூக்க முடியாமல் போகலாம். ஆகவே நண்பகலுக்கு ஒரு தனிக் கணக்கு.

வானிலையை ஒருமுறை பார்த்தால் போதாது. பணி தொடங்கும்போது முழுச் சித்திரம், பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) இடையிலான வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறதென்றால் இரவில் மூடுபனி வரும் என்று மாலையிலேயே குறித்துவைப்பார். வழக்கமாகப் போகும் மருத்துவமனைகளுக்கான வழிகள், அந்த வழிகளில் உள்ள மிக உயரமான கோபுரம், மலை, மின்கம்பித் தடம் எல்லாம் முன்கூட்டியே வரைபடத்தில் இருக்கும். அமெரிக்க விதி இதை வெளிப்படையாகவே கேட்கிறது: வழியில் உள்ள தடைகளைப் பார்த்து, பகலில் குறைந்தது 300 அடி, இரவில் 500 அடி இடைவெளி கிடைக்கும்படி பறக்கும் உயரத்தைத் தீர்மானித்து, வழியில் உள்ள மிக உயரமான தடையைப் பதிவும் செய்ய வேண்டும். இதைக் கட்டுப்பாட்டு அறை தொலைபேசியில் காத்திருக்கும்போது யாரும் முதலிலிருந்து செய்வதில்லை.

இப்போது அழைப்பு வருகிறது. விமானிக்குச் சொல்லப்படுவது எங்கிருந்து எங்கே, எவ்வளவு தூரம், நோயாளியின் எடை என்ன என்பவை மட்டும்தான். நோயாளி குழந்தையா, முதியவரா, என்ன காயம், பிழைப்பாரா என்பதெல்லாம் சொல்லப்படாது. நல்ல நிறுவனங்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன, விமானி முடிவு சொன்ன பிறகே மற்ற விவரம். கல்நெஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மேகம் தாழ்ந்து நிற்கும் இரவில் 'நான்கு வயதுக் குழந்தை' என்ற மூன்று சொற்கள் ஒரு விமானியின் தீர்ப்பை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அறிந்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம் இது. மேகத்தின் உயரம் நோயாளியின் வயதைப் பொறுத்து மாறுவதில்லை.

அந்தச் சில நிமிடங்களில் விமானி பார்ப்பவை: புறப்படும் இடம், இறங்கும் இடம், திரும்பும் இடம் ஆகியவற்றின் இப்போதைய வானிலை, எரிபொருள் மூன்று கட்டத்துக்கும் போதுமா, அதற்கு மேல் சட்டம் கேட்கும் இருப்பு உண்டா (கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழியறிந்து, பறக்கும் வாடகை ஹெலிகாப்டருக்கு அமெரிக்காவில் 20 நிமிடம்), நோயாளியின் எடை அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்குகிறதா, இறங்கும் இடத்தில் தரையில் யார், எந்த அலைவரிசை, கம்பிகள் எங்கே. காலையில் நிரப்பிய ஆபத்துத் தாளில் இந்தப் பயணத்துக்கு உரிய வரிகளைச் சேர்த்துக் கையெழுத்திடுவார். இதற்குள் மருத்துவக் குழு மருந்துப் பைகளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தருகே போயிருக்கும். பகலில், தெளிந்த வானிலையில், இதெல்லாம் நடந்து எஞ்சின் உயிர்பெறப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் குறைவாகவே ஆகும். இரவில் கூடுதலாக ஆகும், ஆகவும் வேண்டும்.

ஆபத்து மதிப்பீட்டுத் தாள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்களின் எரிச்சல் அதிகம் விழுவது இதன்மேல்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2014-இல் கொண்டுவந்த விதிகள் இதைக் கட்டாயமாக்கின. பறப்பு சார்ந்தவை (நிலப்பரப்பு, தடைகள், இறங்கும் இடத்தின் நிலை, எரிபொருள்), மனிதர் சார்ந்தவை (களைப்பு, வாழ்க்கை நெருக்கடிகள்), முன்னறிவிப்பு உட்பட வானிலை, இதே அழைப்பை வேறு நிறுவனம் மறுத்திருக்கிறதா என்பது — இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மொத்த ஆபத்து ஓர் எல்லையைத் தாண்டினால் விமானி தானாக முடிவெடுக்க முடியாது. மேலாளர் ஒருவரின் ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவ ஹெலிகாப்டர்கள் வைத்திருக்கும் நிறுவனம் பயிற்சி பெற்றவர்கள் அமரும் ஒரு கட்டுப்பாட்டு மையத்தை நடத்த வேண்டும். அங்கிருப்பவரும் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். களைத்த ஒரு மனிதரின் தலைக்குள் தனியாக நடக்கும் பேரத்தை இரண்டாவது ஒருவரின் கண்முன் கொண்டுவருவதே இதன் பயன்.

மற்றொரு நிறுவனம் மறுத்ததா என்ற வரியை வேண்டாத விசாரணை என்று எண்ணக்கூடாது. ஒரு மருத்துவமனை ஒரு நிறுவனத்தை அழைக்கிறது, வானிலை சரியில்லை என்கிறார்கள். அடுத்ததை அழைக்கிறது, அவர்களும் மறுக்கிறார்கள். மூன்றாவது நிறுவனம், முன்பு நடந்தது தெரியாமல், ஒப்புக்கொள்கிறது. 2019 ஜனவரி 29 அன்று ஒஹையோ மாநிலத்தில் ஜலெஸ்கி என்ற ஊருக்கு அருகே நடந்த விபத்தின் பின்னணி இதுதான். இரு நிறுவனங்கள் வானிலையைக் காட்டி மறுத்த, நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயணம் அது. பணி முடித்துக்கொண்டிருந்த விமானி அழைப்பை ஏற்றார்; பணிக்கு வந்த அடுத்த விமானி பறந்தார். விடியலுக்கு முன் பனிப்பொழிவுக்குள் சிக்கிய பெல் 407 ஹெலிகாப்டர் காட்டு மலைச்சரிவில் மோதியது. விமானியும் மருத்துவக் குழுவினர் இருவரும் இறந்தனர். நோயாளியை அவர்கள் இன்னும் ஏற்றியிருக்கவில்லை.

விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் வெளியிட்ட முடிவு, விமானியோடு நிற்கவில்லை. ஆபத்து மதிப்பீட்டை விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் ஒழுங்காகச் செய்யாமல் விடுவது அந்த நிறுவனத்தில் இயல்பாகிவிட்டிருந்தது என்றும், அதனால் முழுமையான வானிலை ஆய்வு இல்லாமலே பயணம் தொடங்கியது என்றும் சொன்னது. படிவம் அந்த நிறுவனத்திலும் இருந்தது, அதைப் பொருட்படுத்தும் பழக்கம்தான் இல்லை. இந்த விபத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது அந்தப் பணிமாற்ற நேரம். ஒருவர் சம்மதம் சொல்லி இன்னொருவர் பறக்கும்போது, இருவரில் யாருடைய ஆய்வு அது? 'அவர் பார்த்திருப்பார்' என்று இவரும், 'எப்படியும் இவர் பார்ப்பார்' என்று அவரும் நினைப்பது மிக எளிது. பணிமாற்ற நேரத்தில் வரும் அழைப்புக்குப் பறக்கப்போகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காகச் சில நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

இன்னொரு விபத்து, சரிபார்ப்புப் பட்டியல் பற்றியது. 2011 ஆகஸ்ட் 26, மிசௌரி மாநிலம். செயின்ட் ஜோசஃப் தளத்திலிருந்து பெத்தனி மருத்துவமனைக்குப் போய் நோயாளியை ஏற்றி லிபர்ட்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புறப்பட்டதும் இரண்டு மணி நேரத்துக்கு எரிபொருள் இருப்பதாக விமானி வானொலியில் சொன்னார். உண்மையில் அவ்வளவு இல்லை. பெத்தனியில் இறங்கிய பிறகு குறைவு தெரிந்தது; நோயாளி காத்திருக்கிறார். வழியில் மாஸ்பி அருகே உள்ள விமான நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நோயாளியோடு கிளம்பினார். ஓடுதளத்துக்கு ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றது. நால்வரும் இறந்தனர். பணியின்போது தனிப்பட்ட குறுஞ்செய்திகளில் கவனம் சிதறியதையும், களைப்பையும் விசாரணை குறிப்பிட்டது.

இங்கே காலம் மிச்சப்படுத்தப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். பறக்கும் முன் இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மானியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். புறப்படும் முன் பட்டியலை வரிவரியாக வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து சில நிமிட வேலை. பெத்தனியில் தெரிந்தபோது கையில் இருந்த வழிகள் எல்லாமே கசப்பானவை: எரிபொருள் வரும்வரை தரையில் காத்திருப்பது, வேறொரு ஹெலிகாப்டரை அழைப்பது, தரைவழி ஆம்புலன்ஸ். தளத்தில் கண்டுபிடித்திருந்தால் குழாயை இழுத்து நிரப்பிக்கொண்டு கிளம்பியிருப்பார், அவ்வளவுதான்.

எடைக்கு ஓர் உதாரணம். ஏ.எஸ்.350 போன்ற ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரின் பி3 வகைக்கு உச்ச எடை 2,250 கிலோ. நோயாளி 80 கிலோ என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் 140. ஏற்றிய எரிபொருளைச் சாலையோரத்தில் இறக்க முடியாது. விமானி முன் இருப்பவை: வேண்டாத கருவிப் பைகளை இறக்குவது, மருத்துவக் குழுவில் ஒருவரை விட்டுவிட்டுப் போவது (மருத்துவ ரீதியாக ஏற்கத்தக்கதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்), அல்லது ஏற்ற முடியாது என்று சொல்வது. எரிபொருள் ஏற்கெனவே எரிந்து குறைந்திருப்பதால் சில நேரம் கணக்கு தானாகவே ஒத்துவரும். லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ. ஆனால் 'ஒத்துவரும் போலிருக்கிறது' என்று தூக்கிப் பார்ப்பது கூடாது. சுற்றிலும் மரங்கள் நிற்கும் குறுகிய இடத்திலிருந்து நேர்மேலே எழும்பும்போது சக்தி போதவில்லை என்பது பாதி உயரத்தில்தான் தெரியவரும். ஆகையால்தான் அழைப்பின்போதே எடையை மறுபடி மறுபடி கேட்கிறார்கள். கேட்பவர் பிடிவாதக்காரர் போலத் தோன்றுவார். தோன்றட்டும்.

சரி, இந்த நிமிடங்கள் நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு விலை? சாலை விபத்தில் பெரும் இரத்தப்போக்கு என்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பொருள் உண்டு, மறுக்க மாட்டேன். அதனால்தான் தரையில் முதலில் வருபவர்கள் இரத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள், ஹெலிகாப்டர் வரும்வரை அவர்கள் கைகட்டி நிற்பதில்லை. ஆனால் இந்தச் சேவையின் பயணங்களில் பெரும்பங்கு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கான மாற்றம். அங்கே எந்த மருத்துவமனையில் இடம் உண்டு, யார் ஏற்றுக்கொள்வது என்று பேசி முடிப்பதற்கே நெடுநேரம் ஆகும். பிறகு குழு போய் இறங்கி, சொட்டுமருந்துக் குழாய்களை மாற்றி, சுவாசக் கருவியைப் பொருத்தி நோயாளியைக் கட்டிலோடு நகர்த்துவதற்குள் அரைமணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். இத்தனைக்கும் நடுவே விமானியின் ஆறு நிமிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'தாமதம்' என்பது நியாயமாகப் படவில்லை. நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் கைவைக்க வேண்டிய இடம், அழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் அழைப்பவரின் தயக்கம்.

முடிவெடுப்பதில் விமானி தனியாள் இல்லை. புறப்பட மூவரும் சம்மதிக்க வேண்டும், நிறுத்த ஒருவர் போதும் என்பது இத்துறையில் பரவலான விதி. செவிலியர் 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்றால் காரணம் கேட்கப்படாமல் பயணம் நிற்க வேண்டும். காகிதத்தில் எல்லோரும் இதை ஏற்கிறார்கள். மறுத்த செவிலியரிடம் அடுத்த நாள் மேலாளர் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதில்தான் விதி உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

படிவங்கள் மேல் எனக்கும் புகார் உண்டு. ஒரே எண்ணை மூன்று இடத்தில் எழுதச் சொல்லும் தாள்கள் இன்னும் இருக்கின்றன. டேப்லெட்டில் ஒருமுறை உள்ளிட்டால் எல்லா இடத்துக்கும் போக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, மதிப்பெண் முறை. இரவுக்கு இரண்டு, அறியாத இடத்துக்கு இரண்டு, புது விமானிக்கு மூன்று என்று கூட்டி, மொத்தம் பச்சையில் நின்றால் போகலாம் என்கிறார்கள். சில மாதத்தில் எந்த வரியை எப்படி நிரப்பினால் பச்சைக்குள் நிற்கும் என்பது எல்லா விமானிக்கும் மனப்பாடமாகிவிடும். அதுமட்டுமல்ல, தாழ்ந்த மேகம் என்ற ஒரே காரணம் தனியாகவே உயிரைக் குடிக்கக்கூடியது. மற்ற வரிகளெல்லாம் பூஜ்யம் என்பதால் அது பச்சையாகிவிடாது. மொத்தத்தைக் கூட்டும் முன், 'இந்த ஒன்று மட்டும் இருந்தாலே போகக்கூடாது' என்ற வரிகளைத் தனியே பிரித்து வைக்கும் தாள்களே நல்ல தாள்கள் என்பது என் கருத்து.

தாளில் எழுதியது வானத்தில் மாறிவிட்டால்? அதற்கும் தரையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர் விமானிகளிடையே பரவிய ஒரு நடைமுறை உண்டு: பார்வைத் தூரம் குறைவதால் வழக்கமான வேகத்திலிருந்து 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) குறைக்க வேண்டி வந்தாலோ, மேகத்துக்குக் கீழே நிற்பதற்காகப் பகலில் தரையிலிருந்து 300 அடிக்கு, இரவில் 500 அடிக்கு இறங்க வேண்டி வந்தாலோ, அதுவே திரும்புவதற்கான அல்லது இறங்குவதற்கான இடம். அங்கே புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்' என்ற எண்ணம் வரும் வேளையில்தான் மனிதனின் தீர்ப்பு மிக மோசமாக வேலை செய்கிறது.

கடைசியாக, கேள்வியில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய ஒரு பகுதி. அவசரம்தான் விபத்துக்குக் காரணமென்றால் விபத்துகள் நோயாளி உள்ளே இருக்கும்போது குவிய வேண்டும். 2006-இல் பாதுகாப்பு வாரியம் 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை நடந்த 55 மருத்துவ வான்பயண விபத்துகளை (விமானங்களும் இதில் அடக்கம், இறந்தவர்கள் 54 பேர்) ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நோயாளி இல்லாமல், மருத்துவக் குழு மட்டும் இருந்த கட்டங்களில் நடந்தவை: ஏற்றப் போகும் வழி, இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. அக்காலத்தில் அந்தக் கட்டங்களைத் தளர்வான பொது விதிகளின் கீழ் பறக்கலாம். வானிலை வரம்பும் ஓய்வு விதியும் குறைவு. முறையான ஆபத்து மதிப்பீடு, நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி, இரவுப் பார்வைக் கண்ணாடி போன்றவை இருந்திருந்தால் 55-இல் 29 விபத்துகளைத் தவிர்த்திருக்கலாம் என்றது வாரியம். மருத்துவக் குழு ஏறியிருந்தாலே கடுமையான விதிகள் பொருந்தும் என்று 2014-இல் மாற்றினார்கள்.

ஆகவே திரும்பும் பயணத்துக்கும் முழு ஆய்வு வேண்டும். நோயாளியை ஒப்படைத்துவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு, படுக்கை நினைப்போடு மருத்துவமனை மாடியில் நிற்கும் விமானி வானிலையை மறுபடி பார்க்கிறாரா, எரிபொருள் மானியைப் பார்க்கிறாரா என்பதை நிறுவனங்கள் கேட்க வேண்டும். தளத்தில் மூடுபனி இறங்கியிருந்தால் மருத்துவமனையிலேயே விடியும்வரை தங்கிவிடலாம். குழுவுக்கு நாற்காலியில் தூங்க வேண்டி வரும். திரும்பும் வழியிலேயே இரண்டாவது அழைப்பு வந்தாலும் இதே நடைமுறைதான்: முதல் பயணத்தின் தாள் இதற்குச் செல்லாது, எரிபொருள், எடை, வானிலை, களைப்பு நான்கும் மாறியிருக்கும். தரையில் இறங்கி, சுழலி நின்றாலும் சுற்றிக்கொண்டிருந்தாலும், அந்த நான்கையும் புதிதாக எழுதி, கட்டுப்பாட்டு மையத்திடம் வாசித்துக்காட்டிவிட்டுத்தான் 'ஏற்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.